உரிய பேர் கிடைக்காத ராக் கிட்டாரிஸ்ட்கள்: உங்கள் மனதில் யார்?

ஆறுதந்தி கேட்டது:

வணக்கம் நண்பர்களே, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த கேள்வி இது. கிட்டாரில் பெரிய ஆள் யார் என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் அதே ஏழெட்டுப் பெயர்கள்தான் வருகின்றன. ஹென்ட்ரிக்ஸ், கிளாப்டன், ஜிம்மி பேஜ், ஜெஃப் பெக், டேவிட் கில்மோர், வான் ஹேலன். ப்ராக்ரஸிவ் ராக் பக்கம் வந்தால் ராபர்ட் ஃப்ரிப், ஸ்டீவ் ஹௌ. அத்தனை பேரும் அந்த இடத்துக்குத் தகுதியானவர்கள், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் 1970களின் இசைத்தட்டுகளை ஒவ்வொன்றாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வரும்போது, இந்தப் பட்டியலுக்கு வெளியே இவ்வளவு பேர் இவ்வளவு நன்றாக வாசித்திருக்கிறார்களே, இவர்கள் பெயரை ஏன் யாரும் எடுப்பதில்லை என்று ஆதங்கமாக இருக்கிறது.

நான் முதலில் சொல்ல விரும்புவது ஸ்டீவ் ஹாக்கெட்டை. 1971 முதல் 1977 வரை ஜெனசிஸ் குழுவில் இருந்தவர். ஜெனசிஸ் என்றதும் பீட்டர் கேப்ரியலின் குரலும் வேஷங்களும், டோனி பேங்க்ஸின் கீபோர்டும், அப்புறம் ஃபில் காலின்ஸும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஹாக்கெட் மேடையில் ஓரமாக உட்கார்ந்து, கிட்டாரைப் பார்த்துக் குனிந்தபடி வாசித்தவர். கண்ணுக்குத் தெரியாதவர் காதுக்கும் தெரியாமல் போய்விடுகிறார் போல.

1973-ல் வந்த 'செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்ட்' ஆல்பத்தில் 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' என்ற ஒன்பதரை நிமிடப் பாட்டு இருக்கிறது. பியானோவில் தொடங்கும். பாதி வழியில் ஒரு மெட்டு புல்லாங்குழலில் தனியாக வரும், கேப்ரியல் வாசித்தது. அழகான மெட்டு, ஆனால் அப்போது அது கடந்துபோய்விடும். ஆறாவது நிமிடத்தை ஒட்டி ஹாக்கெட் அதே மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் நீட்டி வாசிக்கிறார், பின்னால் மெல்லோட்ரான் (நாடாவில் பதிந்த ஒலிகளை எழுப்பும் கீபோர்டு) மெதுவாக எழுந்து வருகிறது. மெட்டு பேங்க்ஸுடையதுதான். ஆனால் கிட்டாரில் கேட்ட பிறகு அதை வேறு யாருடையதாகவும் என்னால் நினைக்க முடியவில்லை.

போன வருஷம் அதை வாசித்துப் பழகலாம் என்று உட்கார்ந்தேன். ஸ்வரங்கள் இரண்டு சாயங்காலத்தில் கைக்கு வந்துவிட்டன, வேகமான ஓட்டங்கள் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் அவர் ஒரு ஸ்வரத்தை வைத்திருக்கும் நேரம் வரை என்னால் வைத்திருக்க முடியவில்லை. ஒன்று ஒலி செத்துவிடும், இல்லாவிட்டால் விரல் பொறுமை இழந்து அடுத்த ஃப்ரெட்டுக்கு, அதாவது கிட்டார் கழுத்தில் அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடும். அவரோ தந்தியை இழுத்து நிறுத்தி, அந்த ஸ்வரம் தானாகப் பாட ஆரம்பிக்கும்வரை காத்திருந்து, அதற்கப்புறம்தான் விப்ராட்டோவைத் (ஸ்வரத்தை லேசாக அசைப்பது) தொடுகிறார். மூன்று மாதம் கழித்தும் எனக்கு முதல் நாலு ஸ்வரம்தான் ஓரளவு சரியாக வருகிறது.

இன்னொன்று. 1971-ல் வந்த 'நர்சரி கிரைம்' ஆல்பத்தில் 'தி ரிட்டர்ன் ஆஃப் தி ஜயன்ட் ஹாக்வீட்' பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். வலது கை விரலால் ஃப்ரெட் பலகை மேலேயே தட்டி வாசிக்கிறார். வான் ஹேலனின் முதல் ஆல்பம் வந்தது 1978-ல். ஹாக்கெட்டுக்கு முன்பும் தட்டி வாசித்தவர்கள் உண்டு, அவர்தான் கண்டுபிடித்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ராக் பாட்டுக்குள் அதை அவ்வளவு சீக்கிரம் கொண்டுவந்தவருக்கு ஒரு வார்த்தையாவது சொல்ல வேண்டாமா?

உங்கள் மனதில் இருப்பது யார்? பெயரோடு நிறுத்தாமல் எந்தப் பாட்டு, அதில் எந்த இடம் என்றும் சொல்லுங்கள். நான் ஒவ்வொன்றாகத் தேடிக் கேட்கப் போகிறேன்.


பேஸ்வாசிப்பவன்:

அலெக்ஸ் லைஃப்சன், ரஷ் குழு. வேறு பேச்சே இல்லை.

ரஷ் என்றால் முதலில் நீல் பியர்ட்டின் டிரம்ஸ், அடுத்து கெட்டி லீயின் பேஸ் என்றுதான் பேசுவார்கள். நானே பேஸ் வாசிக்கிறவன், பல வருஷம் கெட்டி லீயை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் பேஸை மறந்துவிட்டுக் கிட்டாரை மட்டும் தொடர்ந்து கேட்டபோதுதான் புரிந்தது, மூன்றே பேர் இருக்கும் குழுவில், பேஸும் டிரம்ஸும் அவ்வளவு ஓடியாடிக்கொண்டிருக்கும்போது, நடுவில் இருக்கும் இடத்தை முழுக்க நிரப்பிக்கொண்டிருப்பது இவர் ஒருவர்தான்.

எப்படி நிரப்புகிறார் என்று கையில் கிட்டார் இருந்தால் இப்போதே பார்க்கலாம். இரண்டாவது ஃப்ரெட்டில் எஃப் ஷார்ப் பாரே கோர்டைப் (சுட்டுவிரலால் எல்லாத் தந்திகளையும் குறுக்கே அழுத்தும் பிடிப்பு) பிடியுங்கள். இப்போது சுட்டுவிரல் ஆறாவது தந்தியை மட்டும் அழுத்தட்டும், மற்ற மூன்று விரல்களும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், மெல்லிய இரண்டு தந்திகளையும் திறந்து விட்டு மீட்டுங்கள். 1978-ல் வந்த 'ஹெமிஸ்ஃபியர்ஸ்' ஆல்பம் திறக்கும் கோர்டு அதுதான். வெறும் பாரே கோர்டு சுவர் மாதிரி நிற்கும், இது ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும். திறந்த தந்திகள் இரண்டும் தொடர்ந்து ஒலித்துக்கொண்டே இருப்பதால் ஒரு கிட்டார் இரண்டு கிட்டாராகக் கேட்கிறது. அவர் பாட்டுகளில் இந்த மாதிரி பிடிப்புகள் எங்கே பார்த்தாலும் இருக்கும்.

சோலோ (கிட்டார் தனியாக முன்னால் வந்து வாசிக்கும் இடம்) வேண்டும் என்றால் அதே ஆல்பத்தில் 'லா வில்லா ஸ்ட்ராஞ்சியாட்டோ'. நைலான் தந்திக் கிட்டாரில் தொடங்கும். நடுவில் தாளம் ஏழுக்கு மாறும், மிஸ்ரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அவர் முதல் சில ஸ்வரங்களை ஒலியே இல்லாத இடத்திலிருந்து மெல்ல எழுப்புகிறார். அங்கிருந்து அது உச்சிக்குப் போகும் வரைக்கும் ஒரு இடத்தில்கூட அவசரம் கிடையாது.

1980களில் இவர்கள் இசையில் சிந்தசைசர் ஏறியபோது கிட்டார் பின்னால் தள்ளப்பட்டது, 'சிக்னல்ஸ்' ஆல்பத்திலேயே அது நன்றாகத் தெரியும். அப்போதும் அவர் ஒதுங்கிக்கொள்ளாமல், மிச்சமிருக்கும் இடுக்கில் என்ன வாசித்தால் பாட்டு உயரும் என்று தேடித் தேடி வாசித்திருக்கிறார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது அந்தக் காலத்து ஆல்பங்களைக் கேட்டுத்தான்.


பழைய_இசைத்தட்டு:

நல்ல கேள்வி ஆறுதந்தி. ஹாக்கெட்டைச் சொல்லிவிட்டீர்கள், அப்படியானால் நான் அவருக்கு உறவுக்காரர் மாதிரி இருக்கும் ஒருவரைச் சொல்கிறேன்: கேமல் குழுவின் ஆண்டி லாட்டிமர்.

கேமலையே பலருக்குத் தெரியாது, அப்புறம் எங்கே அதன் கிட்டாரிஸ்டைத் தெரியப் போகிறது. 1974-ல் 'மிராஜ்', 1975-ல் 'தி ஸ்னோ கூஸ்', 1976-ல் 'மூன்மேட்னஸ்'. மூன்று வருஷத்தில் இப்படி மூன்று ஆல்பங்கள். 'தி ஸ்னோ கூஸ்' முழுக்க வாத்திய இசை, வரிகளே கிடையாது, லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு ராயல் ஆல்பர்ட் ஹாலில் அதை மேடையிலும் வாசித்தார்கள். பாட்டு வரிகள் இல்லாத ஒரு கதையைக் கிட்டாரும் கீபோர்டும் புல்லாங்குழலும் சொல்லி முடிக்க வேண்டும் என்றால் கிட்டாரிஸ்ட் எவ்வளவு சிக்கனமாக இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

லாட்டிமரைப் பற்றி நான் கவனித்த ஒன்று. அவர் புல்லாங்குழலும் வாசிப்பவர். ஊதும் வாத்தியக்காரர்கள் மூச்சு விட்டுத்தான் ஆக வேண்டும், அதனால் அவர்கள் வாக்கியத்துக்கு ஒரு முடிவு இருக்கும். கிட்டாரில் அந்தக் கட்டாயம் இல்லை, நாள் முழுக்க நிறுத்தாமல் வாசிக்கலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். லாட்டிமரின் சோலோவில் மூச்சு விடும் இடங்கள் இருக்கும். 1979-ல் வந்த ஆல்பத்தின் கடைசியில் 'ஐஸ்' என்று பத்து நிமிட வாத்திய இசை, அதைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஒரு வரி வாசிப்பார், நிறுத்துவார். அந்த இடைவெளியில் முந்தின வரி இன்னும் காதில் ஓடிக்கொண்டிருக்கும், அது அடங்கும் நேரம் பார்த்து அடுத்த வரி வரும். ஒருவர் நம் எதிரே உட்கார்ந்து, துக்கமான ஒரு விஷயத்தை நிதானமாகச் சொல்வது மாதிரி இருக்கும். இருபது வருஷமாகக் கேட்கிறேன், இன்றைக்கும் அந்த இரண்டாவது வரியில் தொண்டை அடைக்கிறது.

புல்லாங்குழல் என்றதும் இன்னொருவர். ஜெத்ரோ டல் குழுவின் மார்ட்டின் பேர். அந்தக் குழுவில் புல்லாங்குழலோடு ஒற்றைக் காலில் நிற்கும் இயன் ஆண்டர்சனைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள், பக்கத்தில் நிற்பவரை யார் பார்ப்பது. 1971-ல் 'அக்வாலங்' பாட்டுக்கு அவர் சோலோ பதிவு செய்துகொண்டிருந்தபோது, அதே ஸ்டூடியோவில் தங்கள் நாலாவது ஆல்பத்துக்காக வந்திருந்த லெட் ஸெப்பலின் குழுவிலிருந்து ஜிம்மி பேஜ் கண்ட்ரோல் ரூமுக்குள் வந்து கண்ணாடி வழியாகக் கையசைத்தாராம். பதிலுக்குக் கையசைத்தால் சோலோ கெட்டுவிடும், அதனால் வாசித்து முடித்தேன் என்று மார்ட்டின் பேர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தச் சோலோவைக் கேட்டால் நம்பலாம், அதில் ஒரு கணம்கூடக் கவனம் சிதறவில்லை. நாலைந்து சிறு சிறு யோசனைகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்து, கிட்டத்தட்ட ஒரு தனிப் பாட்டையே உள்ளே வைத்திருக்கிறார்.


நேர்க்கோடு:

எல்லாம் சரி, ஆனால் லைஃப்சனை இந்தப் பட்டியலில் சேர்ப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ரஷ் 2013-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்ட குழு. கிட்டார் பத்திரிகைகளில் அவர் பெயர் வராத வருஷம் குறைவு. குழுவில் மற்ற இரண்டு பேர் அவரைவிட அதிகமாகப் பேசப்படுகிறார்கள் என்பது வேறு, உரிய பேர் கிடைக்கவில்லை என்பது வேறு.

நிஜமாகவே மறக்கப்பட்டவர் என்றால் யான் அக்கர்மான். நெதர்லாந்தின் ஃபோகஸ் குழு. 1973-ல் மெலடி மேக்கர் பத்திரிகை வாசகர்கள் உலகின் சிறந்த கிட்டாரிஸ்ட் என்று அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். மேலே நீங்கள் எழுதிய பெரிய பெயர்களில் பாதிப் பேர் அப்போது வாசித்துக்கொண்டிருந்தவர்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். இன்றைக்கு ராக் கேட்கும் பத்துப் பேரைக் கூப்பிட்டு அக்கர்மான் யார் என்று கேளுங்கள், ஒருவர் சொன்னால் அதிகம்.

ஒரே ஒரு பாட்டால் வந்த வினை என்று எனக்குத் தோன்றும். 'ஹோகஸ் போகஸ்' உலகம் முழுக்க ஓடியது, அதில் அந்தக் குழுவின் தைஸ் வான் லேயர் யோடலிங் (குரலைச் சட்டென்று மேலும் கீழும் தாவவிட்டுப் பாடுவது) செய்வதும் விசிலடிப்பதும் எல்லோருக்கும் வேடிக்கையாக மனதில் தங்கிவிட்டது. அந்த வேடிக்கைக்கு நடுவில் கிட்டார் ஓடும் வேகத்தையும் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக விழும் சுத்தத்தையும் யாரும் கவனிப்பதில்லை. அந்தப் பாட்டைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைத்துவிட்டு 'சில்வியா' கேளுங்கள். அப்புறம் 1973-ல் வந்த அவருடைய தனி ஆல்பம் 'தபெர்னாக்கல்' கேளுங்கள், அதில் லூட் என்ற பழைய தந்தி வாத்தியத்தில் ஜான் டௌலண்டின் இசையை வாசிக்கிறார். நானூறு வருஷத்துக்கு முந்தைய இசையும் ராக் கிட்டாரும் ஒரே ஆள் கையில் இருந்தன.


பேஸ்வாசிப்பவன்:

நேர்க்கோடு, ஹால் ஆஃப் ஃபேம் கணக்கு எனக்கு ஒத்துவராது. அந்தக் கௌரவம் குழுவுக்குக் கிடைத்தது. நான் சொல்வது, நாலு பேர் கூடிப் பெரிய கிட்டாரிஸ்ட் யார் என்று பேசும்போது முதல் பத்துக்குள் யாராவது லைஃப்சன் பெயரை எடுக்கிறார்களா என்பதைத்தான். பியர்ட்டை எடுக்காமல் டிரம்ஸ் பற்றிய பேச்சு முடியாது, கெட்டி லீயை எடுக்காமல் பேஸ் பற்றிய பேச்சு முடியாது, மூன்றாவது ஆளுக்கு மட்டும் ஏன் அந்த நியாயம் இல்லை?

அக்கர்மான் விஷயத்தில் முழுக்க உங்கள் பக்கம். 'சில்வியா' இப்போதுதான் மறுபடி கேட்டேன், அந்த முதல் மெட்டில் வால்யூமை வைத்து அவர் செய்வது வயலின் மாதிரியே இருக்கிறது.


மழைக்கால_ஒலி:

சிகாகோ குழுவின் டெர்ரி காத் பெயரை இன்னும் யாரும் சொல்லவில்லையே. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், இவரைப் பற்றிச் சுருக்கமாக எழுத எனக்கு வராது.

சிகாகோ என்ற குழுவை இன்றைக்குப் பலரும் மென்மையான காதல் பாட்டுக் குழுவாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். 1976-ல் 'இஃப் யூ லீவ் மீ நௌ' முதலிடத்துக்குப் போனது, 1980களில் அந்த வழியிலேயே இன்னும் பல பாட்டுகள் வந்தன. அதனால் அந்தப் பெயரைக் கேட்டதும் ராக் ரசிகர்கள் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். அந்தக் குழுவின் முதல் ஆல்பம் 1969-ல் வந்தபோது, மூன்று ஊது வாத்தியங்களையும் தன் பின்னால் இழுத்துக்கொண்டு ஓடிய ஒரு கிட்டார் அதில் இருந்தது என்பதே அவர்களுக்குத் தெரியாது.

முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு 'இன்ட்ரொடக்ஷன்'. எழுதியது காத், பாடியது காத், கிட்டாரும் காத். குரலில் மணல் கலந்த மாதிரி ஒரு கரகரப்பு. அதே ஆல்பத்தில் 'ஃப்ரீ ஃபார்ம் கிட்டார்' என்று ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒன்று இருக்கிறது. கிட்டாரும் ஆம்பும் (ஒலிபெருக்கி) மட்டும், ஒலியை மாற்றும் பெடல் எதுவும் கிடையாது, ஒரே தடவையில் பதிவு செய்தது. அது எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன், முழுக்க இரைச்சலும் அலறலும்தான். ஆனால் ஆம்ப்பிலிருந்து கிளம்பும் ஃபீட்பேக்கை ஒருவர் கையால் பிடித்து வளைக்கிறார் என்பது அதில் கேட்கும்.

பொதுவாக எல்லோருக்கும் சொல்வது 'ட்வென்ட்டி ஃபைவ் ஆர் சிக்ஸ் டு ஃபோர்'. 1970-ல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் இருப்பது. கீழிறங்கும் ஐந்து கோர்டு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு வரி), அதைக் கேட்காதவர்கள் குறைவு. சிங்கிளாக வெளிவந்தபோது நீளத்தைக் குறைத்துவிட்டார்கள், அதனால் ஆல்பத்தில் இருக்கும் முழு வடிவத்தைத் தேடிப் பிடியுங்கள். சோலோவில் முதலில் சாதாரண டிஸ்டார்ஷனில் கிளம்புகிறார், ப்ளூஸ் வழக்கங்கள்தான், நமக்குத் தெரிந்த இடங்களுக்கே கை போகிறது. பாதியில் கிட்டார் ஒலியைக் குரல் மாதிரி மாற்றும் வா-வா பெடலை மிதிக்கிறார். அந்தக் கணத்தில் கிட்டார் வாய் திறந்து பேச ஆரம்பிக்கும். அங்கிருந்து பாட்டு மறுபடி குரலுக்குத் திரும்பும்வரை அவர் மூச்சே விடவில்லை, மேலே பழைய_இசைத்தட்டு லாட்டிமரைப் பற்றிச் சொன்னதற்கு நேர் எதிர், ஆனால் எனக்கு இரண்டும் வேண்டும்.

ஹென்ட்ரிக்ஸ் இவரைக் கேட்டுவிட்டு, உங்கள் கிட்டாரிஸ்ட் என்னைவிட நன்றாக வாசிக்கிறார் என்கிற மாதிரி சொன்னதாக அந்தக் குழுவின் சாக்ஸஃபோன் கலைஞர் வால்டர் பராஸெய்டர் சொல்லியிருக்கிறார். ஒருவர் பெருந்தன்மையாகச் சொன்ன பாராட்டை அளவுகோலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அப்படிச் சொல்லத் தோன்றும் அளவுக்கு அங்கே ஏதோ இருந்தது.

1978 ஜனவரி 23 அன்று, கையிலிருந்த துப்பாக்கி தற்செயலாக வெடித்து அவர் இறந்துபோனார். 32-வது பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருந்தது. அவர் போனபிறகு அந்தக் குழு வேறு பாதைக்குப் போய்விட்டது, புதிதாக வந்த ரசிகர்களுக்கு அவரைத் தெரிய வழியே இல்லாமல் போனது. பெயர் மறைந்ததற்குக் காரணம் வாசிப்பு அல்ல என்பதற்கு இவரைவிட வேறு ஆள் வேண்டாம்.


ஜன்னலோரம்:

பீட்டர் பேங்க்ஸ். யெஸ் குழுவின் முதல் கிட்டாரிஸ்ட்.

1969-ல் வந்த முதல் ஆல்பத்தில் 'ஐ ஸீ யூ' கேளுங்கள், பேர்ட்ஸ் குழுவின் பாட்டை இவர்கள் எடுத்து வாசித்தது. நடுவில் கிட்டாரும் டிரம்ஸும் மட்டும் தனியாகப் பேசிக்கொள்ளும் இடம் வரும், முழுக்க ஜாஸ். 1970-ல் இரண்டாவது ஆல்பம் 'டைம் அண்ட் எ வேர்ட்'. அதில் ஆர்கெஸ்ட்ராவைக் கொண்டுவந்து, கிட்டார் இருக்க வேண்டிய நிறைய இடங்களை வயலின்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் அவரையும் அனுப்பிவிட்டு ஸ்டீவ் ஹௌவைச் சேர்த்தார்கள். ஹௌ மேல் எந்தத் தப்பும் இல்லை, அவர் வந்த பிறகுதான் யெஸ் பெரிய யெஸ் ஆனது. ஆனால் அமெரிக்காவில் அந்த இரண்டாவது ஆல்பம் வெளியானபோது அட்டைப் படத்தில் இருந்தது ஹௌ. உள்ளே ஒரு ஸ்வரம்கூட அவர் வாசித்தது கிடையாது, முழுக்க பேங்க்ஸ். அட்டையைப் பார்த்து வாங்கியவர்கள் யாருடைய கிட்டார் என்று நினைத்துக் கேட்டிருப்பார்கள்?

1973-ல் 'டூ சைட்ஸ் ஆஃப் பீட்டர் பேங்க்ஸ்' என்று தனி ஆல்பம் போட்டார். இந்தத் திரிக்கென்றே செய்த மாதிரி, அதில் யான் அக்கர்மானும் ஸ்டீவ் ஹாக்கெட்டும் வாசித்திருக்கிறார்கள். டிரம்ஸுக்கு ஃபில் காலின்ஸ்.


மழைக்கால_ஒலி:

அந்த அட்டைப்பட விஷயம் எனக்குத் தெரியாது ஜன்னலோரம். படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது.


ரிதம்கை:

எல்லோரும் சோலோவையே பேசுகிறீர்கள். சோலோ இல்லாத நேரத்தில் கிட்டாரிஸ்ட் என்ன செய்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியம், பாட்டில் தொண்ணூறு சதவீதம் அந்த நேரம்தானே.

அந்த வகையில் ஜென்டில் ஜயன்ட் குழுவின் கேரி கிரீன். அந்தக் குழுவின் இசை கேட்டவர்களுக்குத் தெரியும், ஆளுக்கொரு வரி, ஒருவர் முடிக்கும் முன்பே இன்னொருவர் வேறு தாளத்தில் தொடங்குவார், நாலு குரல் நாலு திசையில் போகும். அதற்கு நடுவில் கிரீன் ஒரு ப்ளூஸ் ஆள். அந்தக் கணக்கு அத்தனையையும் பிசகாமல் வாசித்துவிட்டு, கிடைக்கிற சின்ன இடைவெளியில் தந்தியை ஒரு இழு இழுப்பார், உடனே அந்த மூளைக்கார இசைக்கு உடம்பு வந்துவிடும். 1975-ல் வந்த 'ஃப்ரீ ஹேண்ட்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் தொடங்குங்கள். முதல் தடவை எங்கே கால் தட்டுவது என்றே புரியாது, மூன்றாவது தடவை கிட்டாரை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள்.

கிளாசிக் ராக் பக்கம் மிக் ரான்சன். டேவிட் போவியோடு இருந்ததால் பக்கத்து ஆளாகவே பார்க்கப்பட்டவர். வா-வா பெடலை எல்லோரும் மேலும் கீழும் மிதித்துக்கொண்டிருந்த காலத்தில் இவர் அதை ஒரு இடத்தில் வைத்து அப்படியே விட்டுவிடுவார், அதனால் அவருடைய லெஸ் பால் கிட்டாருக்கு மூக்கால் பாடுகிற மாதிரி ஒரு கூர்மை வந்தது. 1972-ல் வந்த 'மூனேஜ் டேட்ரீம்' முடிவில் அது உங்களைத் தூக்கிக்கொண்டு போகும். ஆனால் நான் இவரைச் சொல்வது அதற்காக மட்டும் இல்லை. 'லைஃப் ஆன் மார்ஸ்' பாட்டில் அந்த வயலின்கள் எழும்புகின்றனவே, அந்த ஸ்ட்ரிங்ஸ் அமைப்பு ரான்சன் செய்தது. லூ ரீடின் 'பர்ஃபெக்ட் டே' பாட்டில் பியானோவும் ஸ்ட்ரிங்ஸும் அவர்தான். ஒரு பாட்டுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த ஆள், அது கிட்டார் இல்லை என்றால் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு மற்றதை எழுதிக் கொடுப்பார். 1993-ல், 46 வயதில் போய்விட்டார்.

விஷ்போன் ஆஷ் குழுவின் ஆண்டி பவல், டெட் டர்னர் இருவரையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1972-ல் வந்த 'ஆர்கஸ்', அதன் கடைசிப் பாட்டின் முடிவு. இரண்டு லீட் கிட்டார் சேர்ந்து பாடுவதை தின் லிஸியிலும் அயர்ன் மெய்டனிலும் ரசித்தவர்கள் அதற்கு முன்னால் இங்கே வர வேண்டும்.


ஆறுதந்தி:

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக வேறு எதுவும் கேட்கவில்லை.

மழைக்கால_ஒலி, சிகாகோவைப் பற்றி நீங்கள் சொன்ன அந்தப் பக்கத்தைத் திருப்பிவிடும் ரசிகன் நான்தான். நேற்று ராத்திரி அந்த முழு வடிவத்தைப் போட்டேன். வா-வா வரும் இடத்தில் எழுந்து நின்றுவிட்டேன். அப்புறம் அதே ஆல்பத்தில் 'மேக் மீ ஸ்மைல்' பாடுவதும் அவர்தான் என்று தெரிந்ததும், இந்தக் குரலை எத்தனையோ தடவை கேட்டிருந்தும் யார் என்று விசாரிக்காமல் விட்டோமே என்று வருத்தமாகிவிட்டது.

பழைய_இசைத்தட்டு, மூச்சு விடும் இடம் என்று நீங்கள் சொன்னது எனக்கு நேரடியாக உதவியது. 'ஐஸ்' கேட்டுவிட்டு மறுபடி ஹாக்கெட்டின் சோலோவை எடுத்தேன். இந்தத் தடவை விரலைப் பார்க்காமல், ஒவ்வொரு வரியையும் வாயால் முனகிக்கொண்டே, எனக்கு மூச்சு முடிகிற இடத்தில் நிறுத்தி வாசித்தேன். ஸ்வரத்தின் நீளம் கிட்டத்தட்ட அவர் வைத்த அளவுக்கே வந்து நின்றது. அந்த மெட்டு முதலில் புல்லாங்குழலுக்கு வந்தது என்பதை நானே மேலே எழுதியிருக்கிறேன், அதை வாசிக்கும்போது யோசிக்கத் தோன்றவில்லை. இப்போது ஏழாவது ஸ்வரம் வரை வந்திருக்கிறேன்.

லைஃப்சன் சண்டையில் நான் பேஸ்வாசிப்பவன் பக்கம். அந்த எஃப் ஷார்ப் பிடிப்பை வாசித்துப் பார்த்தேன், விரலை எடுத்ததும் அறையே பெரிதான மாதிரி இருந்தது.

'டூ சைட்ஸ்' ஆல்பத்தைத்தான் அடுத்துத் தேடுகிறேன். கேரி கிரீனுக்கு இன்னும் இரண்டு தடவை கேட்க வேண்டும், இப்போதைக்குக் கால் தட்டும் இடமே பிடிபடவில்லை.


பழைய_இசைத்தட்டு:

முனகிக்கொண்டே வாசியுங்கள், அதுதான் சரியான வழி. அப்படியே ஒரு படி முன்னால் வந்து மரிலியன் குழுவின் ஸ்டீவ் ராதரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹாக்கெட், லாட்டிமர், கில்மோர் மூவரையும் கேட்டு வளர்ந்தவர், 1980களில் எல்லோரும் வேகப் பந்தயத்தில் இருந்தபோது இந்தப் பக்கம் நின்றவர். 1989-ல் வந்த 'சீசன்ஸ் எண்ட்' ஆல்பத்தில் 'ஈஸ்டர்'. அக்கூஸ்டிக் கிட்டாரில் தொடங்கும், சோலோ பாட்டின் நடுவில் வரும், முதல் ஸ்வரத்திலேயே தெரிந்துவிடும். ஹாக்கெட்டின் ஏழாவது ஸ்வரத்தைத் தாண்டிய பிறகு அதை எடுங்கள், வாயால் பாடிப் பழக அதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.